தவளைப் பாட்டுக்கு வந்த அருள்

மலாயாவில், ஜொகூர்ப் பக்கத்துக் குளுவாங் படக் கொட்டகையில் நான் பார்த்த முதல் படத்தில் மருந்துக்குக்கூட மனிதர்கள் இல்லை. எல்லாம் தவளைகள். தொப்பி போட்ட தவளை, குடை பிடித்த தவளை, குட்டிக்குத் தலை வாரிவிடும் அம்மாத் தவளை. யாரோ ஒரு புண்ணியவான் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்து, வண்ணம் தீட்டி, ஆடவும் பாடவும் வைத்திருந்தான். அது வெறும் ஓவியம்தான் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். நான் நம்பவில்லை. இந்த வயதிலும் முழுசாக நம்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கதை சின்னது. அப்பாத் தவளை வெளியே போன நேரத்தில் பெருமழை பிடித்துக்கொள்கிறது. குட்டி இடிக்குப் பயந்து அழுகிறது. மழை நின்றதும் அப்பா வந்துவிடுவார் என்று அம்மாத் தவளை பாடுகிறது. ஒவ்வோர் அடி முடிந்ததும் குட்டி ‘க்ரோக், க்ரோக்’ என்று கத்திக்கொண்டு தத்தித் தத்திக் குதிக்கும். எந்த ஊரில் தவளை மழைக்குப் பயந்தது என்று அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் வெள்ளைக்காரத் துரையிடம் ஆங்கிலம் பேசுகிறவர் என்பதால் அந்தப் பாட்டை ஒரு சொல் விடாமல் மனத்தில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது தம்பி மடிக்குழந்தை. அவனைத் தூங்க வைக்கத் தினமும் அந்தப் பாட்டும், தமிழில் அதன் கதையும்தான். தூங்காவிட்டால் குதியும் உண்டு. பகலெல்லாம் விறைப்பாக நடக்கும் கிராணி, சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினியில் அடுப்போரத் தரையில் தவளையாகக் குதிப்பார். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு இருந்ததில்லை. தம்பி ‘அம்மா’ என்று சொல்லக் கற்றுக்கொண்ட கையோடு சொன்னது ‘க்ரோக்’.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார். துரை பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடியேறினார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. லாரிகள் வந்து, சயாமில் ரயில் பாதை போட என்று ஆண்களை ஏற்றிக்கொண்டு போயின. முதல் லாரியில் போனவர்களில் ஒருவர், மேட்டு லயம் என்கிற கூலி வீட்டு வரிசையில் இருந்த அக்காவின் புருஷன். அந்த அக்கா அப்போது மாசமாக இருந்தாள். குழந்தை பிறந்தபின் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து, எங்கள் வீட்டுப் பின்புறம் அம்மாவோடு உட்கார்ந்து கிழங்கு உரிப்பாள். கலகலவென்று பேசுகிறவள். புருஷன் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள்.

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை எல்லாம் நிறுத்திக் கணக்கெடுக்கும் நேரத்தில், அதிகாரி தன் மொழிபெயர்ப்பாளனை விட்டுச் சொல்ல வைத்தார். எந்த வீட்டில் ஆங்கிலம் காதில் விழுகிறதோ அந்த வீட்டு ஆண் அடுத்த லாரியில் ஏறுவான். சொல்லி முடித்ததும் எல்லோரும் அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார்களாம். தோட்டத்தில் வேறு யாருக்கு ஆங்கிலம் தெரியும்?

அப்பா வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். நாலு வயதுத் தம்பியின் வாயை யார் மூடுவது? மிரட்டினால் இன்னும் உரக்கப் பாடினான். “தவளை தன் வாயால கெடும்னுவாங்க. இது நம்ம எல்லாரையும் சேத்துல்ல கெடுத்துடும்,” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு முன்பாட்டு அவர்தான். எந்த மெட்டுக் கிடைத்தாலும் அதில் ஒரு சாமிப் பாட்டைக் கட்டிவிடுவது தோட்டத்துப் பழக்கம். நாடகப் பாட்டு, மலாய்ப் பாட்டு என்ற பேதமெல்லாம் கிடையாது. அம்மா தவளைப் பாட்டின் ஆங்கிலத்தை உருவி எடுத்துவிட்டு, மழை தரும் தாயே, வழித்துணை நீயே என்று தமிழைப் போட்டார். க்ரோக் வந்த இடத்தில் ஓம் வந்தது. ஊரே அதையே பாடினால் தம்பி பழையதை மறந்துவிடுவான் என்பது அம்மா போட்ட கணக்கு. பாட்டு தீயாகப் பரவியது. பால் மரம் சீவும்போதும் பாடினார்கள். துரைமார் ஊர்க் கார்ட்டூன் மெட்டில் எங்கள் மாரியம்மா அந்த வருஷம் பஜனை கேட்டாள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்திருக்கும்.

ஆடி வெள்ளியன்று கோயிலில் மரவள்ளிக் கஞ்சி ஊற்றினார்கள். கூட்டம் என்ன என்று பார்க்க அதிகாரியே மொழிபெயர்ப்பாளனோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். பாதிப் பாட்டில் நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று அம்மா தொடர்ந்து பாடினார்.

எல்லோரும் ஓம் என்றார்கள். தம்பி, கூட்டத்துக்கு நடுவில் போய், ‘க்ரோக்’ என்று கத்தினான். தத்தித் தத்திக் குதித்தான். அதோடு விட்டானா? தமிழ்ப் பாட்டுக்கு மேலே, அப்பா சொல்லிக் கொடுத்த ஆங்கில அடியைத் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தான். மொழிபெயர்ப்பாளன் தலையை நிமிர்த்தினான். தூணோரம் நின்ற அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை.

“ஆத்தா வந்துட்டா! புள்ள மேல ஆத்தா வந்துட்டா!”

கத்தியது மேட்டு லயத்து அக்கா. இடுப்புக் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டு ஓடினாள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தம்பி தலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள், வேப்பிலை வந்தது, உடுக்கை அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஆங்கிலமாவது ஒன்றாவது. கொட்டுக் கேட்ட குஷியில் தம்பி இன்னும் நன்றாகக் குதித்தான்.

அக்கா நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தாள். “தாயே, சயாமுக்குப் போன எங்க வீட்டு ஆளு திரும்பி வருவாரா? வாயத் தொறந்து சொல்லு தாயே.”

தம்பிக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். “மழ நின்னா அப்பா வந்துருவாங்க,” என்றான்.

கோயில் அழுதது. லாரியில் ஆள் போகாத வீடு அங்கே எத்தனை? சாமி வந்திருக்கிறது, குறி கேட்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளன் அதிகாரியின் காதில் ஓதினான். அவனுக்கும் பயம் வந்திருக்க வேண்டும். அதிகாரி சிகரெட்டைக் கீழே போட்டு, தொப்பியைக் கழற்றி, என் தம்பிக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அப்பா எந்த லாரியிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குத் தூக்கம் போனது. மழை விடும்போதெல்லாம் அக்கா குழந்தையோடு செம்மண் ரோட்டில் போய் நிற்பாள். ஜொகூர் மழைக்குக் கேட்க வேண்டுமா, அது தினமும் பெய்யும், தினமும் நிற்கும். அம்மா சன்னல் வழியாகப் பார்ப்பார். தன் புருஷன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, அவள் ரோட்டில் நிற்கிறாளே என்று மருகுவார்.

சண்டை ஓய்ந்து, சயாமிலிருந்து மிச்சம் மீதி ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அக்காவின் புருஷன் ஆற்றங்கரை முகாமில் வாந்திபேதியில் போய்விட்டதை அவர்கள்தான் சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுவாரம், அம்மா அவளை எங்கள் வீட்டுக் குசினிக்கு அழைத்து உண்மையை உடைத்தார். அருளும் இல்லை, குறியும் இல்லை, அது கொட்டகையில் பார்த்த தவளைப் படத்துப் பாட்டு, பாவி நான் சொல்லாமல் விட்டேன் என்று அழுதார்.

அக்கா அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும் கிராணியம்மா. இந்தக் குசினியில ஐயா குதிச்சுக் காட்டுறத பின்னால நின்னு எத்தன தடவ பாத்துச் சிரிச்சிருக்கேன். எங்க வீட்டு ஆளத்தான் கொண்டுபோயிட்டாங்க, ஐயாவயாச்சும் விடட்டும்னுதான் கத்துனேன்.” பிடித்த கையை விடாமலே சொன்னாள். “ஆனா கால்ல விழுந்து கேட்டேன் பாருங்க, அத நெசமாத்தான் கேட்டேன்.”