ஜும்ஆ நேரத்தில் வந்த மெயில்

நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஜின், பேய் என்று யாராவது கதைத்தால் முதலில் பகிடி பண்ணுகிறவனே நான்தான். கம்ப்யூட்டர் திருத்துகிறவன், எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும்.

கல்முனையில், மக்காவுக்கு உம்ராப் பயணம் அனுப்புகிற ஒரு ட்ரவல்ஸ். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து அழைப்பு, வருகிற மெயிலையெல்லாம் கடைக்குள்ளே இருக்கிற சேர்வர் மெஷின் திருப்பி அனுப்புகிறதாம். போய்ப் பார்த்தால் மருதமுனை ஆயிஷும்மா மாமி பயணப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறார். கூடப் போகிற எல்லோருக்கும் விசா வந்துவிட்டது, அவருக்கு மட்டும் இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எயார்போர்ட்டுக்கு வேன். வாட்ஸ்அப்பில் எடுக்கலாமே என்பீர்கள். சவூதியில் இருக்கிற ஏஜென்ட், அவரும் நம்ம ஊர்தான், தன் கம்பனியில் மெயிலில் மட்டும்தான் அனுப்ப விடுவார்கள் என்று ஒரே பிடியாய் நின்றார்.

"மகன், என்ன உட்டுட்டுப் போயிருவாங்களா?"

"அழாம இரிங்க மாமி, இப்ப சரியாகிரும்" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

டிஸ்க் நிரம்பியிருந்தது. பழையதையெல்லாம் அழித்து அரைவாசி காலியாக்கினேன். அப்போதும் ஒரு மெயிலையும் வாங்கவில்லை. மெஷினை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன், திட்டிப் பார்த்தேன், ம்ஹூம்! அதற்குள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. முதலாளி ஹாஜியார் எழும்பி வந்து மெயின் சுவிட்சையே கீழே இழுத்தார்.

"ஹாஜியார், மெஷின் ஓடட்டுமே!"

"ஜும்ஆ நேரம் நமக்கும் யாவாரமில்ல, மெஷினுக்கும் யாவாரமில்ல. எழும்புங்க தம்பி."

ஒவ்வொரு வெள்ளியும் அவருக்கு இதே வேலைதான். மாமியைக் கடைக்குப் பின்னால் தன் வீட்டில் மனைவியிடம் விட்டார், கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார், என்னைப் பள்ளிவாசலில் தன் பக்கத்திலேயே இருத்தித் தொழவைத்தார்.

திரும்பி வந்து மெயினைப் போட்டு மெஷினைத் திறந்தால், விசா வந்து கிடக்கிறது! மாமி அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, என் தலையைத் தடவித் தடவி துஆச் செய்தார். அப்படியே வேனில் ஏற்றிவிட்டோம், எனக்கென்றால் சொல்ல முடியாத சந்தோஷம்.

பிறகுதான் மெயில் வந்த நேரத்தைப் பார்த்தேன். சரியாக நாங்கள் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கரண்டே இல்லை, யுபிஎஸ் பற்றரி செத்து எவ்வளவோ காலம்.

"வானத்து மலக்குமாருக்கு எதுக்குத் தம்பி கரண்ட்?" என்று ஹாஜியார் சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே ஏஜென்ட்டுக்கு நன்றி சொல்லக் கோல் எடுத்தேன். "அதான் அப்பவே பதில் போட்டீங்களே" என்றார். எங்கள் பக்கம் அப்படி ஒன்றுமில்லை. அந்தப் பதிலை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் குத்பா நேரத்தில் போனது.

"விசா வந்துட்டு. மாமி சிரிக்கிறா."

கீழே என் பெயர்.