எழுபதாம் பக்கத்தில் நிறுத்திய நாவல்

நாமக்கல்லில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பதினைந்து பேர் கூடுவோம். அதில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள். மீதிப் பேர் எழுதப்போகிறவர்கள். வெறுமனே படிப்பதற்காக வருகிறவள் நான் ஒருத்திதான். அதனாலேயே, உள்ளூர்க்காரர்கள் எழுதிய ஐந்து புத்தகங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"உங்களுக்குத்தானுங்க இங்க யாரு கூடவும் பகையில்ல" என்றார் செயலாளர். அந்த நிலைமையை ஒரே காலையில் மாற்றிவிட்டேன்.

கோழித்தீவன மில்லின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மக்காச்சோள லாரி வந்தால் குத்தூசியால் மூட்டையைக் குத்தி, ஒரு பிடி எடுத்து, ஈரமும் பூஞ்சையும் பார்த்து, இறக்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று எழுதித் தர வேண்டும். ராசிபுரத்திலிருந்து போகவர பஸ்ஸில்தான் படிப்பு. ஐந்து புத்தகங்களையும் அப்படித்தான் படித்தேன்.

முதலாவது, வெற்றிலைக் கொடிக்கால் நாவல். கதாநாயகி உச்சி வெயிலில் வெற்றிலை கிள்ளுகிறாள். முதுகு கொப்பளிக்கிறது. கண்ணீர் இலைமேல் விழுகிறது. நான் பரமத்தி வேலூர்ப் பக்கம் பிறந்தவள். கொடிக்காலில் அகத்தியை எதற்கு வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள்? வெற்றிலைக்கு வெயில் ஆகாது என்றுதானே. வெற்றிலையைத் தாம்பூலத் தட்டில் மட்டுமே பார்த்த ஒருவர், ஒரு பெண்ணை வெயிலில் நிறுத்தி அழவிட்டிருக்கிறார். அட்டையில் 'மண்ணின் குரல்' என்று போட்டிருந்தது.

இரண்டாவது குடும்ப நாவல். அவன் அறைகிறான், அவள் வெட்கப்படுகிறாள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, சிறுகதைகள். பதினோரு கதை, பதினொன்றிலும் ஒருவர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறார். எங்கள் மாவட்டத்தில் அத்தனை மழை பெய்தால் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் எல்லாம் வேறு தொழில் தேட வேண்டியதுதான்.

நான்காவது லாரி நாவல். அதை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் சங்ககிரியிலிருந்து வடக்கே லோடு ஓட்டுகிறவர். நாற்பது பக்கம் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்புள்ள, இவன் மூணு நாளா நிலாவப் பாத்துக்கிட்டே ஓட்டுறான். டீசல் எப்பப் போடுவான்?"

ஐந்தாவது சரித்திர நாவல், அறுநூறு பக்கம். இளவரசி ஆண் வேடம் போடுகிறாள். அவளைத் தினமும் பார்க்கிற சேனாதிபதிக்கே அடையாளம் தெரியவில்லை. குதிரை சங்ககிரிக் கோட்டையிலிருந்து கடற்கரை வரை தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறது. எழுபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மழைக் கதைக்காரர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. சரித்திர நாவலைப் பற்றிப் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். அதை எழுதியவர் அவர்தான். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்க அம்மிணி, கடேசி வரைக்கும் படிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லீங்க. எழுபது பக்கந்தானுங்க. மூட்டைய முழுசாக் கொட்டிப் பாக்கோணுமுங்களா? ஒரு பிடி எடுத்தாத் தெரியாதுங்களா?"

"உங்க மில்லுல மூட்டைக்கு ஒரே எடத்துலதான் குத்துவீங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் குத்துகிறவள். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. காது சூடாகிப் போனது. அவர் சிரிக்காமல் உட்கார்ந்துகொண்டார். அதுதான் அதிகம் குத்தியது.

அடுத்த நான்கு வாரம் அந்த அறுநூறு பக்கத்தையும் படித்தேன், வரி விடாமல். நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இளவரசி இன்னும் இரண்டு முறை ஆண் வேடம் போட்டாள். வில்லன் சாகும்போது மூன்று பக்கம் பேசினான். ஆனால் நானூறாம் பக்கம் தாண்டி ஓரிடத்தில், அரசாங்கத்து ஆள் ஒருவன் பஞ்ச காலத்தில் ஒரு மானாவாரிக் காட்டை அளக்க வருகிறான். பாறையில் அளவுகோல் வழுக்குகிறது. வரப்பைப் பக்கத்து நிலத்துக்குள் தள்ளிப் போட்ட விவசாயி அவன் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறான். அவன் பெண்டாட்டி உண்மையைச் சொல்லிவிட்டு, அளக்க வந்தவனுக்கு மோர் கொடுக்கிறாள். புருஷனுக்குக் கொடுக்கவில்லை. நான்கே பக்கம். அதைப் படித்துக்கொண்டே நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். எரிச்சலாக இருந்தது. இவ்வளவு மட்டமான ஒரு புத்தகத்துக்குள் இதைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பானேன்?

அடுத்த கூட்டத்துக்கு நேரத்திலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முழுசாப் படிச்சுட்டேனுங்க. நல்லா இல்லீங்க. அந்தக் காடு அளக்கற நாலு பக்கந்தான் புத்தகமுங்க. மத்ததெல்லாம் வெறுங் காயிதம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாலு பக்கத்தத்தான் எடுத்துருங்கன்னு புத்தகம் போட்டவரு சொன்னாருங்க. கதை அங்க படுத்துக்குதாம். நாந்தான் முடியாதுன்னுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க ஊட்ல இன்னும் யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கல அம்மிணி" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு தடித்த காகிதக் கட்டை எடுத்தார். இரண்டாம் பாகமாம், கையெழுத்துப் பிரதி.

"இதுல இளவரசி இருக்கறாளுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கறா."

"அப்ப வேண்டாமுங்க. காடு அளக்கறவன் மட்டும் இருந்தாக் கொண்டாங்க, மொத்தமும் படிக்கறேன்."

அவர் கட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, காடு அளக்கிறவனைத் தேடினார். பிறகு பைக்குள் திரும்ப வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.