போர்டில் ஜாஸ்மினுக்கு ஒரு வரி

தருமபுரியில் இருந்து அதியமான்கோட்டை போகிற வழியில் டாக்டர் சந்திரமோகனின் மனநல மருத்துவமனை இருக்கிறது. அதன் முகப்பு எழுத்து என் கை. ஆண்டி ஆர்ட்ஸ் என்றால் இந்தப் பக்கம் தெரியும். ஐந்தாவதோடு நின்றவன்தான், ஆனால் எழுத்துப் பிழை விட்டதில்லை.

போன சித்திரையில் அங்கே சுவரைப் புதுசாக எழுதக் கூப்பிட்டார்கள். டாக்டர் பெயருக்குக் கீழே 'பாட்டு, ஓவிய வகுப்பு' என்று பழைய வரி ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னவர் ஜாஸ்மின். பாப்பாரப்பட்டிக்காரர். உளவியல் படித்து, அதற்கு மேலே பெங்களூர் போய், படம் வரைய வைத்தும் பாட வைத்தும் மனநோய்க்குச் சிகிச்சை செய்வதைத் தனியாகப் படித்தவர். இங்கே வேலைக்கு வந்து வருடம் பல ஆகியும் எல்லோருக்கும் அவர் வெறும் 'டீச்சர்'தான்.

அவர் சொன்ன வரி: 'ஜாஸ்மின், கலைவழி உளச்சிகிச்சையாளர்.'

"நீளமா இருக்குதுங்க. டீச்சர்னு போட்டா எழுத்து பெருசா வரும்" என்றேன்.

"எழுத்து சின்னதா இருக்கட்டும்ணா. பேரு சரியா இருக்கணும்."

டாக்டர் டீ டம்ளரோடு வெளியே வந்தார். "டீச்சர்னா ஜனங்க பயப்படாம வராங்களேம்மா."

"வராங்க சார். மாங்கா சீசன் வந்தா நின்னுக்கறாங்க. கேட்டா, கிளாஸ்தானேங்கறாங்க. நீங்க குடுக்கற மாத்திரைய அப்படி நிறுத்துனா விடுவீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எழுதுய்யா ஆண்டி. இல்லன்னா என்னையும் கிளாஸ்ல உக்கார வெச்சிடும்."

எழுதினேன். ஏணியில் நிற்கும்போதே கீழே ஒரு குரல். "அண்ணா, இத அழிச்சிருங்க."

நல்லம்பள்ளிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன், அவள் பெயரைக் காவியா என்றும், மாமியார் பெயரை வேறாகவும் மாற்றிவிட்டேன். பிள்ளை பெற்ற பிறகு அதைத் தூக்கவே பிடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். ஜாஸ்மினிடம் வந்த பிறகுதான் பிள்ளையை மடியில் வைக்கத் தொடங்கியிருந்தாள். படம் நன்றாக இருக்கிறதா என்று ஜாஸ்மின் கேட்கவே மாட்டாராம். இந்தக் கோடு ஏன் இங்கே நின்றது என்றுதான் கேட்பாராம்.

"மாமியார்கிட்ட டிராயிங் கிளாஸ்னு சொல்லிட்டு வரேன். சிகிச்சைன்னு போட்டா, பைத்தியம்னு நெனச்சு அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

ஜாஸ்மின் வெளியே வந்தார். "உங்களப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் காவியா. நீங்க வூட்ல சொல்றதா இருந்தா நான் கூட இருக்கேன். ஆனா இத அழிக்க மாட்டேன்."

அடுத்த வாரம் காவியா வரவில்லை. அவளுக்கு ஒதுக்கிய நேரம் முழுக்க ஜாஸ்மின் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். காம்பவுண்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வரிக்காக ஒரு ஆள விட்டுட்டீங்களேம்மா."

"விடலண்ணா. நாளைக்கு போன் பண்ணுவேன். இத கிளாஸ்னு சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பொண்ணு திருட்டுத்தனமா வர வேண்டியதாப் போச்சு."

சொன்னபடி போன் செய்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. காவியா இறங்கினாள். பின்னாலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் பெரியம்மாள். நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

பெரியம்மாள் சுவரை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் நின்று என்னைப் பார்த்தார். "என்னாய்யா இது, வாயில நுழையல?"

"மனசுக்கு வைத்தியம்ங்க."

"நானும் பாத்தேன். டிராயிங் கிளாஸ் போறேங்கறா, ஒரு படம் வூட்டுக்கு வரல. எங்கதான் போறாளோன்னு இருந்துச்சு. நேத்துத்தான் வாயத் தொறந்தா." மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "வைத்தியம்னு சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன். கள்ளி."

காவியா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று தெரிந்தது.

ஜாஸ்மின் வாசலுக்கு வந்தார்.

"நீங்கதான் டாக்டரம்மாங்களா?"

"டாக்டர் இல்லீங்கம்மா, அவரு உள்ள இருக்காரு. நான் சிகிச்சையாளர்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம் ஆவும்ங்க."

"ஆவட்டும்" என்று பெரியம்மாள் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.