மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் யட்டியாந்தோட்டை பஜார் பக்கம் போயிருந்தீர்களா? ஒரு துணிக்கடை மாடியிலிருந்து 'ஓ'வென்று ஒரு கூச்சல் கேட்டிருக்குமே... பயப்படாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கத்தியது நான்தான்.

ஜெயித்துவிட்டோம்! அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்திருந்து கடைசியில் சொல்கிற பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது.

அந்தத் துணிக்கடை என் மாமனாருடையது. மாடியில் ஒரே ஒரு அறை. அதில் என் மனைவியின் தம்பி தயாளனும் அவனுடைய கம்ப்யூட்டரும் குடியிருக்கிறார்கள். ஊரில் கெட்டுப்போகிற கம்ப்யூட்டரெல்லாம் அந்த அறைக்குத்தான் ரிப்பேருக்கு வரும். ரிப்பேர் போக மிச்ச நேரத்தில் கேம் விளையாடுவான். மாமனாரைக் கேட்டால், கேம் போக மிச்ச நேரத்தில்தான் ரிப்பேர் என்பார்.

அவனுடையது சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. கேம் ஓடும்போது அதன் மூளை சூடேறுமாம். எல்லோரும் அதற்கு ஃபேன் வைப்பார்கள். இவன் தண்ணீர் ஓட விட்டிருக்கிறான்! எல்லாம் சொந்தக் கைவேலை. தொட்டி — மாமியாரின் பழைய எவர்சில்வர் தூக்கு. பம்ப் — மீன் தொட்டியில் போடுவது. ரேடியேட்டர் — ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளில் கழற்றியது. சுற்றிலும் றப்பர் மரமாக இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, றப்பர் குழாய் வாங்க அவிசாவளைக்குப் போனவன் அவன்.

தண்ணீர் தூக்கிலிருந்து கிளம்பி, மூளையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு செம்புக் கட்டிக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஆறி, திரும்பவும் தூக்குக்கே வரும். எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா?

மாமனாருக்குத்தான் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. "ஊரெல்லாம் கரண்டையும் தண்ணியையும் தள்ளித் தள்ளி வப்பாங்க. எம்மவன் ரெண்டையும் ஒரே பொட்டியில வச்சிருக்கான் மாப்புள" என்று என்னிடம் போனில் புலம்புவார்.

ஆனாலும் பொட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது... சரஸ்வதி பூஜை வரைக்கும்.

பூஜை முடிந்து இரண்டு நாள் போனதும் சனி பிடித்தது. கேமைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனால், 'பட்'டென்று கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறதாம். அந்த நேரம் பார்த்து தீபாவளிச் சரக்கும் வந்து இறங்கியது. சேலைக் கட்டு வைக்க இடமில்லை. மாமனார் மாடிப்படியைப் பார்த்தார்.

ஏற்கனவே தயாளன் கேகாலைப் பையன்களோடு ஒரு கார் ரேஸ் போட்டி பேசி வைத்திருந்தான். அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வருவார்கள், இரண்டையும் வயரால் இணைத்து விளையாடுவார்கள். மாமனார் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம அந்தப் பயலுக முன்னால இது கடேசி வரைக்கும் ஓடிட்டா ரூம் ஒனக்கு. நடுவுல நின்னுச்சுன்னா திங்கக்கெழம சேலக்கட்டு மேல ஏறும். நீ கீழ எறங்கி வந்து துணி கிழி."

சனிக்கிழமை காலையில் கேகாலையிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பாவம், அந்த அறை போனால் அவனுடைய தொழிலும் போச்சு.

"எல்லாம் பாத்துட்டேன் மச்சான். ஃபேன் தொடச்சேன். மூளைக்கும் செம்புக் கட்டிக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்ட புதுசா போட்டேன். ஜன்னலக்கூட கழட்டி வச்சிட்டேன். சூடு எறங்கவே மாட்டேங்குது."

நான் என்ன கம்ப்யூட்டர் டாக்டரா? இந்தப் பத்தியை டைப் அடிக்கவே திணறுகிறவன். ஆனாலும் மாப்பிள்ளை என்று வந்தாகிவிட்டது... ஏதாவது செய்கிற மாதிரி காட்ட வேண்டாமா? கேமைப் போடச் சொல்லிவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜில்லென்று இருந்தது!

"தயா, மூளை கொதிக்குதுன்னு சொல்ற. ரேடியேட்டர் பச்சத்தண்ணி மாதிரி இருக்கே?"

அவன் என்னைப் பார்த்தான். ரேடியேட்டரைத் தொட்டான். அடுத்த நிமிடம் துள்ளி எழுந்துவிட்டான். சூடு இங்கே வரவில்லை என்றால், அதைச் சுமந்து வருகிற தண்ணீர் வரவில்லை! பம்ப்போ 'உர்'ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்குக்குத் திரும்பி வருகிற குழாயைத் தூக்கிப் பிடித்தான். சொட்டுச் சொட்டாக வந்தது. நடுவில் எங்கேயோ அடைப்பு.

செம்புக் கட்டியைக் கழற்றித் திறந்தோம். உள்ளே முடி முடியாக மெல்லிய கால்வாய்கள். அவ்வளவு கால்வாயும் அடைத்து, ஒரு மஞ்சள் களி. நான் முகர்ந்து பார்த்தேன். மஞ்சள்! கூடவே சந்தன வாசம்.

"யாரு இதுக்குள்ள மஞ்சத் தண்ணி ஊத்துனது?" தயாளன் போட்ட சத்தத்தில் கீழே கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

மாமியார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பூஜை அன்றைக்கு என் மனைவி கேகாலையில் எங்கள் வீட்டில். அப்படியென்றால்?

மாடிப்படியில் ஒரு இருமல் கேட்டது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். துணி அளக்கிற கஜக்கோல் கையிலேயே இருந்தது.

"நான்தான்..." என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "பூசை அன்னைக்கு நீ கோயிலுக்குப் போயிருந்த. கத்திரிக்கோலுக்குத் தெளிச்சேன், தையல் மெஷினுக்குத் தெளிச்சேன், இந்தக் கோலுக்குக்கூட தெளிச்சேன். ஒன் மெஷின மட்டும் விட்டுட்டு வர மனசு வரல. மேல தெளிச்சா கரண்டு அடிக்கும்னு பயம். தண்ணித் தூக்குதான் இருக்கேன்னு தொறந்து ஊத்திட்டேன். ஒரு டம்ளர்தான்டா."

ஊரைக் கூட்டித் திட்டின மனுஷன், ஆளில்லாத நேரம் பார்த்து மாடியேறி வந்து, அதே மெஷினுக்குப் பூஜை பண்ணியிருக்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தயாளன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க மேல வந்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"வந்தா என்ன, என் வீடுதானே?" மாமனார் விறைப்பாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு உருண்டை புளி. "செம்புதானே அது? குத்துவௌக்குக்குப் போடற மாதிரி போட்டுத் தேயி."

புளியைக் கரைத்து ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூன்று பேரும் மாறி மாறித் தேய்த்தோம். கால்வாய் கால்வாயாகப் பளபளத்தது. தூக்கையும் குழாயையும் அலசிக் கொட்டிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினோம். கேமைப் போட்டான். எல்லாருடைய கையும் ரேடியேட்டரில்.

சுட்டது! ஒரு மெஷின் சுடுகிறதே என்று மூன்று ஆண்பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில், பொலித்தீன் சுற்றிய கம்ப்யூட்டரோடு திரீ வீலரில் வந்து இறங்கினார்கள் கேகாலைப் பையன்கள். அவர்களில் பெரிய ஆட்டக்காரன் சம்பத். குழாயையும் தூக்கையும் பார்த்துவிட்டு அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிங்களத்தில் கேட்டான்:

"அனே அங்கிள், மேக்க வத்துரென்த துவன்னே?" — இது தண்ணியிலயா ஓடுது?

உட்காரக் கீழேயிருந்து தூக்கி வந்த சேலைக் கட்டு ஒன்றின் மேல் சம்மணமிட்டிருந்த மாமனார் அசையாமல் பதில் சொன்னார். "ஒவ் புத்தே, கஹ வத்துரென்!" — ஆமா மகனே, மஞ்சத் தண்ணியில!

ரேஸ் ஆரம்பித்தது. நீளமான ரேஸ். முன்பெல்லாம் எந்த இடத்தில் அணைந்துபோகுமோ அந்த இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. பாதி முடிந்தது, ஓடியது. முக்கால் முடிந்தது, ஓடியது. கடைசி வளைவில் சம்பத்தின் கார் அகலமாகத் திரும்ப, தயாளன் உள்பக்கமாக நுழைந்து...

அப்புறம்தான் அந்தக் கூச்சல். மாமனார் கத்தவில்லை. ரேடியேட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்து, "ம்... நல்லா சுடுது" என்றார், என்னமோ எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

திங்கட்கிழமை சேலைக் கட்டுகள் ஏறின. தயாளன் அறைக்கு இல்லை, மாமனாரின் கட்டிலுக்கு. அவர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாராம். மாமியார் போனில் சொல்லிச் சிரிக்கிறார்.

நம் அப்பாமார் எல்லாரும் இந்த ஜாதிதான். திட்டுவதென்றால் தெருவுக்கே கேட்கும். வாழ்த்துவதென்றால் திருட்டுத்தனமாக மாடி ஏறுவார்கள்.

வாயாலேயே வாழ்த்திவிடுங்கள் அப்பாமாரே... அது எந்தக் குழாயையும் அடைக்காது!