எட்டை விட்ட எண்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர இருந்தால் நீங்களே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் முதல் தடவை எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன், அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் திரும்பினேன். எங்களிடம் மாடு கிடையாது. அது அவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கு அவர்கள்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று முடிவுகட்டி, மகளைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த முறை வருவதற்கு முன் மகள் போன் செய்தாள். "நைனா, இந்த தபா நாலு வார்த்த பேசிடு. இல்லன்னா இங்க நான்தான் பேச்சு வாங்கணும்."

பேச எனக்கு என்ன தெரியும்? உத்திரமேரூர் டீக்கடையில் ஒருவர் காட்டிய கணக்கு ஒன்று தெரியும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் போட வேண்டும். எட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வரும். அதை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கும். பதினெட்டால் பெருக்கினால் எல்லாம் இரண்டு. ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தேன்.

"சம்மந்தி, போன்ல கணக்கு போடறத தொறங்க. நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மரக்காலை லாபம் என்றுதான் எண்ணுவோம். கூச்சத்தில் அது தானாக வந்துவிட்டது. அவர் இரண்டிலிருந்து போட்டார்.

"ஒம்போதால பெருக்குங்க. எல்லாம் லாபமா வரும்."

"முன்னால ஒரு ரெண்டு நிக்குது, சம்மந்தி."

"ரெண்டு வராது. லாபம் உட்டுப்போச்சா?"

சம்பந்தியம்மாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். "இன்னா லாபம்? ஒங்க பொண்ண எடுத்ததுல நாங்க இன்னா லாபம் பாத்துட்டோம்?"

"ஒம்போது லாபம் வரணும்" என்றேன், விளக்குவதாக நினைத்துக்கொண்டு.

"ஒம்போதாமே" என்று அவர் கணவரைப் பார்த்தார். "மனசுல வெச்சிக்கினு இருந்தது இப்பதான் வெளிய வருது."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்த, நெல்லு அளக்கறப்ப ஒண்ணத்தான் லாபம்னுவாங்க. மாமா, முன்னால ஒரு ஒண்ணு போட்டுப் பாருங்க."

போட்டார். மறுபடி ஒன்பதால் பெருக்கியதும் ஒன்பது ஒன்றுகள் வந்தன. அம்மாள் போனைப் பிடுங்கி, விரல் வைத்து எண்ணினார்.

"எட்டு எங்க போச்சு?"

"சனியோட நம்பராச்சே. வெளிய நிறுத்திட்டாங்க போல" என்றேன்.

சம்பந்தி சும்மா விடவில்லை. ஒன்பது எட்டு எழுபத்திரண்டு என்று முணுமுணுத்து, போனைத் திரும்ப வாங்கி, எட்டை விட்ட எண்ணை அதால் பெருக்கினார். ஒன்பது எட்டுகள் வரிசையாக வந்து நின்றன.

"வெளிய நிறுத்துனா குடும்பத்தோட வந்துட்டான்" என்றார்.

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஒங்களுக்கு எங்க மேல கோவம் இல்லியா?"

"கோவமா? கூச்சம், சம்மந்திம்மா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"கூச்சமா இருந்துச்சு."

அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மகள் இப்போது அங்கே என்னால் பேச்சு வாங்குவதில்லை.

இதை எழுதி முடித்தது ஆவணி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.