அக்கா துடைத்து வைத்த கவரிங் நகைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், எஸ்டேட் குடும்பத்தாருக்கும், அக்காவின் நகையை அணிந்து மணமேடை ஏறிய பெண்களுக்கும் என் வணக்கம். அக்கா போய் ஓராண்டு நிறைகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் உறைக்கவில்லை. படத்துக்கு மேலே 'அமரர்' என்று போடலாமா என்று அச்சகத்தார் கேட்டபோது, யாரைப் பற்றிக் கேட்கிறார் என்றே ஒரு கணம் புரியவில்லை.

அக்கா ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில், எங்கள் பெற்றோர் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். எங்கள் முன்னோர் பிழைப்புக்காகக் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போனார். அவருக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நான் நடக்கப் பழகும்வரை அவர் இடுப்பில்தான் இருந்தேன் என்று அம்மா சொல்வார்.

அக்காவின் திருமணத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும். குடும்பத்துக்கு வெளியே இதுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பவுன் கிடையாது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மனைவி, தன் தாயார் விட்டுப்போன பழைய கவரிங் செட் ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். நெக்லஸ், ஆரம், ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி எல்லாம் சிவப்புக் கல் பதித்தவை. அதன் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. திருமணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், யாரையும் கேட்காமல், அம்மா குத்துவிளக்கைத் துலக்குவது போலவே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் ஊற வைத்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. எடுத்துப் பார்த்தபோது முலாம் திட்டுத் திட்டாகப் போய்ச் செம்பு தெரிந்தது. கற்கள் கறுத்திருந்தன. பயத்தில் துடைத்து டப்பாவில் வைத்து மூடிவிட்டேன்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு நகைக்கு எங்கே போவது? அதையே போட்டு அக்காவை மணையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பவுன் என்றே நினைத்திருந்தார்கள். அம்மாவும் இல்லையென்று சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருவர் ஆரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன நகை என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் தலையை நிமிர்த்தினார்.

"கவரிங்குங்க. அதுவும் இரவல் வாங்குனது. எங்கூட்டுல பவுனு கெடையாதுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, எந்திரிச்சுக்கறேன்."

மணையில் இருக்கும் பெண் இப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையின், அதாவது மாமாவின், தாயார் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாலியைக் கட்டச் சொல்லுங்கள் என்று ஒரே வார்த்தை சொன்னார். உடனே கொட்டுச் சத்தம் எழுந்தது.

மூன்றாம் நாள் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ரைட்டர் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா டப்பாவைத் திறந்ததும் கண் கலங்கிவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, தான்தான் தெரியாமல் கழுவிவிட்டதாகச் சொன்னார். அன்று நான் மறுத்துப் பேசவில்லை. இன்றுதான் சொல்கிறேன், அதைக் கழுவியது நான்.

அந்த செட்டை எடுத்துக்கொண்டு அக்கா சேலம் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினார். கல் பதிக்கும் பெரியவர் ஒருவர் மறுபடி முலாம் போட்டுக் கொடுத்தார். பழைய நிறம் வரவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை அவர் விளக்கினார். இந்தக் கற்களுக்கு அடியில் ஜிகினாத் தாள் வைத்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் அது கறுத்துவிடும், கல்லும் செத்துவிடும். புளியும் எலுமிச்சையும் மெல்லிய முலாமைத் தின்றுவிடும். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து அக்கா இந்தக் காரியத்தில் இறங்கினார்.

எங்கள் மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பீரோவில் வைத்த துணி பூஞ்சை பிடிக்கும். கவரிங் நகையில் இரண்டே மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அக்கா எந்த நகையையும் தண்ணீரில் போடமாட்டார். முதலில் காய்ந்த பஞ்சு. பிறகு குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷைச் சோப்பு நுரையில் தொட்டு, உதறி, கல்லைத் தொடாமல் உலோகத்தில் மட்டும் ஓட்டுவார். இடுக்கில் இருக்கும் களிம்பை ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றி எடுப்பார். உடனே ஈரத்தைத் துடைத்து நிழலில் காய வைப்பார், வெயிலில் அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மல் துணியில் சுற்றி, டப்பாவுக்குள் இரண்டு சாக்பீஸ் போட்டு மூடுவார். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நகையை இரவல் வாங்கிப் போகும் பெண்களிடம், பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் நகையைத் தொட வேண்டும், கழற்றியதும் வியர்வையைத் துடைக்க வேண்டும் என்று தவறாமல் சொல்லி அனுப்புவார்.

ஒவ்வொரு வீட்டிலும் தாயோ அத்தையோ விட்டுப்போன பழைய செட் ஏதாவது இருந்தது. களிம்பேறித் தூக்கிப் போட நினைத்தவர்களெல்லாம் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அதை மீட்டு இரவல் கொடுத்தார். ஜீப் கவிழ்ந்து மாமா கால் ஒடிந்து இரண்டு வருடம் படுத்திருந்த காலத்திலும் பகலில் பழம் பறித்தார், சாயங்காலம் நகை துடைத்தார். நகைகளை வாடகைக்கு விடச் சொல்லி நான்கூட அப்போது கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணத்தன்று ஒரு பெண் எதற்கும் தலை குனியக் கூடாது என்று மட்டும் சொன்னார். நான் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கடைசி நாளை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மலையடிவாரக் குப்பனூரில் கோமதி என்ற பெண்ணுக்கு அன்று காலை முகூர்த்தம். அக்கா நாகலூரில் முதல் பஸ் ஏறி வருவதாகவும், கிளியூரிலிருந்து நான் வந்து ஏற்காட்டில் சேர்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு. ஏறியதும் போன் செய்தார். "ஸ்வெட்டர் போட்டுட்டு வா கண்ணு, குளுரு நொம்ப இருக்குது," என்றார். அவ்வளவுதான்.

பஸ் வந்து நின்றது. ஜன்னல் ஓரம் அக்கா கண்ணாடியில் சாய்ந்திருந்தார். மடியில் நகைப் பை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா, எந்திரிங்க, ஒரு டீ குடிச்சுக்கலாம் என்று தோளைத் தொட்டேன். தலை என் பக்கம் சரிந்தது. கை சூடாகத்தான் இருந்தது. நான் மறுபடியும் மறுபடியும் எழுப்பிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு நினைவில்லை. கண்டக்டர்தான் வந்து என் கையை எடுத்துவிட்டார். டிக்கெட் வாங்கும்போது சிரித்துப் பேசினார்களே என்று அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஒரு நாள்கூட நெஞ்சு வலி என்று சொல்லாதவர்.

பஸ்ஸை விட்டு அக்காவை இறக்கும் முன்பே பையில் இருந்த போன் அடித்தது. நான் எடுத்தேன். அக்கா, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டது மணப்பெண். எனக்குப் பொய் வரவில்லை.

"நான் அவங்க தங்கச்சி, கண்ணு. அக்கா பஸ்லயே தவறிட்டாங்க. இந்த நகை வேண்டாம், அவங்க மடியில இருந்தது. வேற பாத்துக்க சாமி."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. பிறகு கோமதி சொன்னாள்:

"ஏனுங்க, அது எனக்குன்னு அக்கா தொடைச்சு எடுத்தாந்ததுங்க. அனுப்பி வுடுங்க. அதப் போட்டுத்தான் உக்காருவேன்."

சாவு தொட்ட நகையை மணப்பெண் கேட்கிறாளே என்று நான் திகைத்து நின்றேன். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் பையை வாங்கித் தன் சீட்டுக்கு மேலே வைத்துக்கொண்டார். நான் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ் குப்பனூருக்கு இறங்கியது. பெரியவர்கள் எவ்வளவோ தடுத்தும் கோமதி அதே நகையோடுதான் தாலி கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மஞ்சள் கயிறு மின்ன, கணவனோடு எங்கள் சாவு வீட்டு வாசலில் வந்து நின்றாள். புதுப்பெண் உள்ளே வரக் கூடாது என்று பலர் எழுந்துவிட்டார்கள். மாமாதான் கையைக் கொடுத்து அழைத்துப் போனார்.

அதற்குப் பிறகு நகைகள் இருந்த அக்காவின் டிரங்குப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. யாரையும் திறக்கவும் விடவில்லை. இந்த மலருக்குப் படம் எடுப்பதற்காகப் போன மாதம்தான் திறந்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் மூடியே கிடந்ததில் பெட்டி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அக்காவின் நாற்பது வருட உழைப்பை என் துக்கமே தின்றுவிட்டதே என்று அழுதேன். சேதி கேட்டுக் கோமதி வந்தாள். அந்த நகைகளை அணிந்து திருமணமான இன்னும் பதினாறு பெண்கள் வந்தார்கள். ஐந்து நாள் உட்கார்ந்து பஞ்சும் ஈர்க்குச்சியுமாக ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார்கள். சில செட்டுகள் தேறவில்லை. மற்றதெல்லாம் மீண்டுவிட்டது.

அந்தப் பெண்களுக்கும், அக்காவின் மேல் தன் துண்டைப் போர்த்திய டிரைவருக்கும், பையைக் கொண்டு சேர்த்த கண்டக்டருக்கும், தாமதமானதற்கு ஒரு சொல் முணுமுணுக்காமல் காத்திருந்த பயணிகளுக்கும், கடைசிவரை உடனிருந்த லைன் குடும்பங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

வருகிற மாதம் குப்பனூரில் இன்னொரு திருமணம். ஒரு செட் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. அதே முதல் பஸ்ஸில் நகையை நானே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை,
கிளியூர்