தெற்குக் கடலில் என்னைத் தூங்க வைத்த குரல்

செத்துப்போன என் அப்பா பட்டப்பகலில் என்னைக் கடலுக்குள் கூப்பிட்டார். இதைச் சபையில் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் துணிவு வரவில்லை. ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் ஜெசி. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக் கடையில் வேலை பார்த்தவர். கல்லூரியில் படிக்கும்போது நான் ஆக்குளம் காயலில் பாய்மரப்படகு ஓட்டப் பழகினேன். பிறகு கொச்சி. அங்கிருந்து பெருங்கடல். ஆண்கள் நிறைந்த படகுகளில் ஒரே பெண்ணாக ஆப்பிரிக்கா வரை போய் வந்தேன். கடைசியில் உலகைத் தனியாகச் சுற்றிவரக் கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து அப்படிக் கிளம்பிய முதல் பெண் நான்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பா மாரடைப்பில் இறந்திருந்தார்.

"அவரு இருந்தாலும் உன்னப் போகத்தான் சொல்லுவாரு. நான் முழங்கால்ல நின்னு ஜெபிப்பேன், நீ போ மோளே" என்று அம்மா அனுப்பி வைத்தாள்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், எந்தக் கரையும் பக்கத்தில் இல்லாத இடத்தில், புயல் பிடித்தது. படகு பக்கவாட்டில் படுத்து எழுந்தது. சாட்டிலைட் போன் நனைந்து செத்தது. தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைந்தது. புயல் ஓயும்வரை சுக்கானை விடாமல் பிடித்திருந்தேன். தூக்கமே இல்லை.

ஒருவழியாகக் காற்று தணிந்தது. பாயை இறக்கிவிட்டு உள்ளே வந்து படுத்தேன். கண்ணை மூடியதும் கதவைத் தட்டும் சத்தம்.

"மக்ளே, கதவத் தொற."

அப்பாவின் குரல். கடையிலிருந்து வந்து வாசலில் நின்று கூப்பிடும் அதே குரல். எழுந்து ஓடித் திறந்தேன். சாம்பல் நிற வானம், சாம்பல் நிறத் தண்ணீர். வேறு யாருமில்லை. திரும்பவும் படுத்தேன். திரும்பவும் தட்டல். கண்ணை மூடவே பயந்துபோனேன். பிறகு கண் திறந்திருக்கும்போதே கேட்க ஆரம்பித்தது. இப்போது குரல் தண்ணீரிலிருந்து வந்தது.

"பேடிக்காத மக்ளே. எறங்கி வா. இங்க ஒறங்கலாம்."

பயப்படாதே என்பதை அப்பா அப்படித்தான் சொல்வார். இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை என் கையே கழற்றியது. ஒரு காலைப் படகோரக் கம்பிக்கு வெளியே வைத்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் பாதத்தில் பட்டது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. என் அப்பாவுக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். சங்குமுகம் கடற்கரைக்குப் போனால்கூட அலை தொடாத இடத்தில்தான் நிற்பார். அவரா என்னைக் கடலுக்குள் கூப்பிடுவார்?

காலை உள்ளே இழுத்துக்கொண்டு படகின் தளத்தில் விழுந்தேன். வாய்விட்டு ஜெபித்தேன். "கர்த்தாவே, கரை வேண்டாம். காற்றும் வேண்டாம். உயிருள்ள ஒரு மனுஷனுடைய குரலைத் தாரும்."

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. பக்கத்தில் வரும் கப்பல்களோடு மட்டும் பேச உதவும் கை வயர்லெஸ்ஸில் இரைச்சல். ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் என் படகைக் கூப்பிட்டது. இதுவும் பொய்க்குரல்தான் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தியதுகூடத் தெரியாமல், "கர்த்தாவே, இது நெசமா?" என்று அழுதுவிட்டேன்.

மறுபக்கம் ஒரு இருமல். பிறகு, "அக்கா... நீங்க தமிழா?"

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சரக்குக் கப்பலில் காவல் பார்க்கும் அதிகாரி. தூத்துக்குடிக்காரத் தம்பி. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கும் கேட்டிருக்குக்கா. தூக்கம் இல்லன்னா கடல்ல அப்படித்தான். நீங்க பதில் மட்டும் சொல்லாதீங்க. முதல்ல கயித்த மாட்டுங்க. மாட்டியாச்சா? இப்பப் படுங்க. ரேடார நான் பாத்துக்கிடுதேன். எட்டத்துக்குப் போறதுக்கு முன்னால எழுப்பி விடுதேன்."

வயர்லெஸ்ஸைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். அவன் ஊர்க் கதை ஏதோ பேசிக்கொண்டிருந்தான். தட்டும் சத்தம் கேட்கவில்லை. தூங்கிப்போனேன். "ஜெசி அக்கா, எழும்புங்க" என்று அவன் கூப்பிட்டபோது தலை தெளிந்திருந்தது. பசித்தது. கருவியைப் பழுது பார்த்தேன். மாதங்கள் கழித்து, சுற்றி முடித்துக் கொச்சியில் கரையேறினேன்.

கப்பல் குரலைப் பற்றி மட்டும் முன்பே கேட்டிருந்த சிலர், அது தேவதூதன் என்று சபையில் சொல்கிறார்கள். இல்லை. அவனுக்கு இருமல் இருந்தது, மாலை டீ ஆறிப்போச்சு என்று அலுத்துக்கொண்டான். மனுஷனைக் கேட்டேன், ஆண்டவர் மனுஷனையே தந்தார்.

அந்தத் தட்டல் முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழை நாட்களில் நேமத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் கேட்கிறது. நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். முன்பெல்லாம் தனியாக இருப்பதுதான் பலம் என்று நினைத்தவள் நான். இப்போது அப்படி இல்லை.

இங்கே இருக்கிறவர்களில் யாரையாவது அப்படி ஒரு குரல் கூப்பிட்டால், ஜெபியுங்கள். வெட்கப்படாமல் துணைக்கு ஆள் கேளுங்கள். ஆளே கிடைக்கவில்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் தூங்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.